இருக்கையும் காணியும்

ஊர்விட்டு ஊர் சென்றவன் முதலில் நாடுவது ஊதியத்தையே என்று நாம் எண்ணுகிறோம். ஆயின், அவன் வண்டியை விட்டு இறங்கிய அன்று மாலையே அவன்முன் வந்து நிற்கும் வினா, இன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்பதுதான். ஊதியத்திற்கு மாதம் முடியும்வரை காத்திருக்கலாம். உறைவிடத்திற்கு ஒரு பொழுதும் காத்திருக்க இயலாது. தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் முதன்முதலாக வந்த நம் பெற்றோர் இதனை நன்கறிவர். உறவினர் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையும், நான்கு பேர் பகிர்ந்துகொண்ட ஒற்றை அறையும், பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அரசுக் குடியிருப்பும் அவர்கள் வாழ்வின் படிக்கட்டுகளாய் இருந்தன.

இன்று அவர்தம் மக்களும் பெயரரும் சிங்கப்பூரிலும் துபாயிலும் டொரான்டோவிலும் வாழ்கின்றனர். அவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘இங்கே ஒரு வீடு வாங்கலாமா? அயல்நாட்டாருக்குச் சட்டம் இடங்கொடுக்குமா?’ இது வழக்கறிஞர் விடை சொல்ல வேண்டிய கேள்வி என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆயின் அதற்குள் சட்டத்தினும் பழையதொரு கேள்வி அடங்கியிருக்கிறது. தான் பிறவாத மண்ணில் வாழ்பவனுக்கு அம்மண்ணின்மீது என்ன உரிமை உண்டு? அவனைத் தடுக்கும் சட்டம் அநீதியா, அன்றி மண்ணின் மக்களுக்குரிய காப்பா? இவ்வினாவை அறத்தின் பக்கம் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் இரண்டு சொற்கள்

இவ்வாராய்ச்சிக்கு நம் மொழியே இரண்டு சொற்களைத் தந்து உதவுகிறது. ஒன்று இருக்கை, மற்றொன்று காணி. இருக்கை என்பது ஒருவன் இருந்து வாழும் இடம். காணி என்பது வழிவழியாக ஆளப்படும் நிலவுரிமை. காணியாட்சி என்று கல்வெட்டுகள் பேசுவது அதனையே. முன்னது வாழ்வைப் பற்றியது. பின்னது ஆட்சியைப் பற்றியது.

புகார் நகரத்தை வருணிக்கும் இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்தில் யவனர் வாழ்ந்த பகுதியை இருக்கை என்னும் சொல்லாலேயே குறிக்கிறார். பிற நாடுகளிலிருந்து கலத்தில் வந்த வணிகர் அங்கே ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்தனர் என்றும் கூறுகிறார். கடல் கடந்து வந்தோர்க்கு வாழ இடமிருப்பது ஒரு நகரின் சிறப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்பதை இதனால் உணரலாம்.

அயலார்க்குக் காணி கிடைத்ததே இல்லையோ எனின், அதற்கும் சான்று உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் பெரிய செப்பேட்டுத் தொகுதி அக்கொடையையே கூறுகிறது. ஈண்டு நாம் கருதத்தக்கது, அயலார்க்குரிய அவ்வுரிமை ஊரறிய, அரசறிய, எழுத்தில் வழங்கப்பட்டது என்பது. யாரும் யார் பெயரிலும் மறைந்து நின்று அதனைப் பெறவில்லை.

நாம் உடையவராய் இருந்த கதை

அயல்மண்ணில் நிலம் என்றவுடன் நம் நினைவுக்கு வரவேண்டிய நாடு பர்மா. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றின் கழிமுகம் உலகின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக வளர்ந்தது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய பர்மிய உழவனுக்கு முதல் தேவைப்பட்டது. பிற வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பாராத நிலையில், செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார் அவன் நிலத்தை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தனர். அவர்கள் விரும்பியது வட்டியையே, கழனியை அன்று. சேற்றில் இறங்கி ஏர் பிடிக்க எவரும் கிட்டங்கி வைக்கவில்லை.

ஆயின் 1930இல் உலகெங்கும் பரவிய பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. உழவனால் கடனைத் திருப்ப இயலவில்லை; ஈடாய் இருந்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தார் வசம் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. எட்டே ஆண்டுகளில் அம்மாவட்டங்களின் நிலத்தில் நான்கில் ஒரு பகுதி, அந்நாட்டில் பிறவாதவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

சட்டப்படி பார்த்தால் இதில் குற்றம் காண இயலாது. கடன் உண்மை, பத்திரம் உண்மை, நீதிமன்றத் தீர்ப்பும் உண்மை. ஆயினும் தன் தந்தை திருத்திய நிலத்தில் தானே குத்தகைக்காரனாய் நிற்கும் உழவனிடம் சென்று, ‘எல்லாம் முறைப்படியே நடந்தது’ என்று சொல்ல நமக்கு நா எழுமா? ஒரு செயல் சட்டத்திற்கு உட்பட்டது என்பதனாலேயே அது அறத்திற்கும் உட்பட்டதாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தபோது நம்மவர் அதனைக் கொள்ளை என்றனர். பர்மியரோ மீட்பு என்றனர். தக்க ஈடு தராமையால் அதில் கொள்ளையின் கூறு இருந்தது. உழுதவனுக்கே நிலம் என்ற கருத்தால் அதில் மீட்பின் கூறும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. 1942இல் சப்பானியப் படைக்கு அஞ்சிக் காடும் மலையும் கடந்து நடந்து வந்த இலட்சக்கணக்கானோருள் காணி உடையவர் எத்தனை பேர்? 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அப்போது கையில் கிடைத்ததோடு கப்பலேறியவர்களும் பெரும்பாலோர் சிறுகடைக்காரரும் எழுத்தரும் கூலியாட்களுமே. சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பசாரும், தமிழகத்து ஊர்கள் பலவற்றில் உள்ள பர்மா காலனிகளும் அவர்களின் வாழ்விடங்களாயின. காணியின்மீது எழுந்த சினம், காணியே இல்லாதவர்களின் இருக்கையையும் சேர்த்து அடித்துச் சென்றது. அயலார் என்னும் ஒரே சொல்லால் எல்லாரையும் கட்டியதன் விளைவு இது.

நாம் மறுக்கப்பட்ட கதை

இனி இதன் மறுபுறத்தைக் காண்போம். பர்மாவில் உழாதவன் கையில் நிலம் சேர்ந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ உழுதவனுக்கே நிலம் மறுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து சென்ற உழவர் அங்கே பழத்தோட்டங்களிலும் பருத்தி வயல்களிலும் பாடுபட்டனர். 1913இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கலாகாது; மூன்றாண்டுக்கு மேல் குத்தகையும் எடுக்கலாகாது என்றது அச்சட்டம். சப்பானியரைக் கருதியே அது முதன்மையாக எழுந்தது. 1920இல் அந்தக் குத்தகை வாயிலும் அடைக்கப்பட்டது. 1923இல், பகத் சிங் திந்து என்பார் வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகார், ஆதலின் குடியுரிமைக்கு உரியரல்லர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் அந்நிலச் சட்டம் நம்மவர்மேலும் முழுமையாகக் கவிந்தது.

இங்கே அயலான் என்பதற்காக மட்டும் ஒருவன் விலக்கப்படவில்லை. இன்று அயலான், நாளை குடிமகன் என்னும் வழியும் அவனுக்கு அடைக்கப்பட்டது. நிறத்தைக் கொண்டு கதவை மூடிவிட்டு, உள்ளே வராதவனுக்கு உரிமை இல்லை என்றனர். 1946இல் இந்தியர்க்குக் குடியுரிமைக்கான வழி திறந்தது; 1952இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்நிலச் சட்டத்தையே செல்லாதென அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வுழவர் என்ன செய்தனர்? நம்பிக்கைக்குரிய வெள்ளைக்கார நண்பர் பெயரிலும், அம்மண்ணிற் பிறந்த தம் குழந்தைகள் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்தனர். நம் நாட்டில் பினாமி என்பதும் இதனையே.

பினாமி அறமா?

இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. அநீதியான சட்டத்தைக் கடக்கப் பிறர் பெயரில் உடைமை கொள்வது தவறா? கலிபோர்னிய உழவனைக் குற்றவாளி என்று என் உள்ளம் ஒப்பவில்லை. தான் உழுத நிலத்தில் தான் நிலைக்க அவனுக்கு வேறு வழி விடப்படவில்லை. ஆயின் அவன் செய்ததையும், இன்று தாய்லாந்துக் கடற்கரையில் ஓய்வு மாளிகை வேண்டி உள்ளூரார் ஒருவர் பெயரில் மனை வாங்கும் அயல்நாட்டுச் செல்வர் செய்வதையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. தாய்லாந்துச் சட்டம் அயலார்க்கு நிலத்தைப் பொதுவாக மறுக்கிறது. ஆயின் அடுக்குமாடிக் கட்டடத்தின் பரப்பில் நூற்றுக்கு 49 பங்குவரை அயலார் வாங்க இசைகிறது. 30 ஆண்டுக் குத்தகைக்கும் இடந்தருகிறது. வாழ வேண்டியவனுக்கு அங்கே நேர்வழி உண்டு. நேர்வழி இருக்க மறைவழி நாடுபவனின் வேட்கை இருக்கையின்மீது அன்று, காணியின்மீதே.

அன்றியும் பினாமி முறையில் ஒரு நஞ்சு உண்டு. பெயர் கொடுத்தவர் மனம் மாறினால், பணம் கொடுத்தவர் எந்த மன்றத்தில் முறையிடுவார்? தன் உரிமையைச் சொல்ல வாய் திறந்தால் தன் குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நட்பை ஐயத்திற்கும், மணவாழ்வைக் கணக்குக்கும் உள்ளாக்கும் இவ்வேற்பாட்டில் நிம்மதியாய் உறங்குபவர் அரியர். அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் ‘நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்’ என்று சொல்லும்போது, பெரியோர் ‘வேண்டா’ என்று சொல்வதே தக்கது.

இன்றைய சட்டங்கள்

இன்றுள்ள நாடுகள் இவ்வினாவுக்குப் பலவாறாக விடை தருகின்றன. சிங்கப்பூர் 1976இல் இயற்றிய சட்டப்படி, மனையோடு கூடிய தனிவீட்டை அயலார் தனி இசைவின்றி வாங்க இயலாது. தனியார் அடுக்குமாடி வீட்டை வாங்கலாம். ஆயின் 2023 ஏப்பிரல் முதல் அதற்கு விலையில் நூற்றுக்கு 60 பங்கு கூடுதல் முத்திரை வரி செலுத்த வேண்டும். வீட்டு வசதிக் கழகத்தின் புதிய வீடுகள் குடிமக்கள் குடும்பங்களுக்கே உரியன; நிரந்தரவாசிகள் சில நிபந்தனைகளோடு மறுவிற்பனை வீடுகளை வாங்கலாம். சிறிய தீவில் தன் மக்களுக்கு முதலில் கூரை வேண்டும் என்னும் கருத்து இதில் வெளிப்படை. கடுமையே எனினும், படிப்படியாக உரிமை வளர இதில் வழி இருக்கிறது.

கனடா, தன் மக்களுக்கே வீடு எட்டாக்கனியாயிற்று என்று, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதார் குடியிருப்பு வீடு வாங்குவதை 2023 தொடக்கத்திலிருந்து தடுத்தது. பின்னர் அத்தடை 2027 தொடக்கம்வரை நீட்டிக்கப்பட்டது. ஆயின் பணியுரிமை பெற்று அங்கேயே வாழ்வோர்க்கு வரம்புடன் விலக்கு அளித்தது. வாங்குபவன் அங்கே வாழ்கிறானா என்று அச்சட்டம் கேட்கிறது. இது நல்ல கேள்வி.

இதற்கு மாறாக, வீடு வாங்கினால் வாழும் உரிமையைத் தருவோம் என்றன சில நாடுகள். போர்ச்சுகல் 2012இல் தொடங்கிய அவ்வழியை 2023இல் மூடிற்று; இசுபெயின் 2025இல் மூடிற்று. வீட்டு விலை ஏற்றத்தால் ஊர்மக்கள் தம் ஊரிலேயே வாடகைக்கு அலைய நேர்ந்த வருத்தம் இம்மூடல்களின் பின்னணியில் இருந்தது. துபாய் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால், குறித்த சில பகுதிகளில் அயலார் முழுவுரிமையோடு வீடு வாங்க இசைந்தது. பொருளுடையார்க்கு அது நல்வாய்ப்பே. ஆயின் அக்கோபுரங்களைக் கட்டிய தொழிலாளி, வேலை தந்தவர் அமைத்த முகாமில் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்து வாழ்கிறான். வேலை போனால் அவ்விடமும் போம். வாங்குபவனுக்கு உரிமையும் வாழ்பவனுக்கு நிலையின்மையும் அமைவது, உரிமையைத் தலைகீழாக நிறுத்துவதன்றோ?

வேலையோடு கட்டப்பட்ட கூரை எத்துணை நொய்யது என்பதை இலங்கையின் மலையகத் தமிழரினும் அறிந்தவர் இலர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 உடன்படிக்கையில் இரு அரசுகளும் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்கும் அவர் வழிவந்தோர்க்கும் பின்னர்க் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் அவர்கள் பிறந்து வளர்ந்த லயன் அறை தோட்டத்திற்கே உரியதாய் இருந்தது. குடியுரிமைச் சீட்டு கையில் இருந்தும், சுவரில் ஓர் ஆணி அடிக்கப் பிறரைக் கேட்க வேண்டிய வாழ்வு அது. ஆகவே குடியுரிமை வந்தால் எல்லாம் வந்துவிடும் என்பதும் முழுவுண்மை ஆகாது. இருக்கையின் உறுதி தனியே நாடிப் பெறவேண்டிய ஒன்று.

நம் வாசலில்

பிற நாடுகளைச் சுட்டும் விரல் நம் நாட்டையும் சுட்ட வேண்டும். இந்தியாவின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த விதிகளில், அயல்நாட்டார் பலருக்கும், குடியுரிமையைவிட இங்கே வாழ்கிறாரா என்பதே முதன்மையாகக் கேட்கப்படுகிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்கலாகாது. இருக்கைக்கும் காணிக்கும் இடையிலான பழைய கோடு இங்கும் ஓடுவதைக் காணலாம். அரசியல் சட்டத்தின் 300-அ பிரிவும், சட்டத்தின் அதிகாரமின்றி உடைமை பறிக்கப்படாமல் காக்கும்போது, குடிமகன் என்று வரையறுக்காமல் எவரையும் உள்ளடக்கிப் பேசுகிறது. இவை பெருமைக்குரியன.

ஆயின் இலங்கை, நேபாளம், வங்கதேசம் முதலிய சில நாடுகளின் குடிகள், ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகையன்றி எதற்கும் ரிசர்வ் வங்கியின் முன்னிசைவு பெறவேண்டும். 1983க்குப் பின் தமிழகம் வந்த ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம்களில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர் உளர். 2021இல் அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் கட்டித் தரத் தொடங்கியது. அது நன்றி பாராட்டத்தக்க செயல். ஆயினும் அவ்வீட்டில் வாழ்பவன் அதனைத் தன்னுடையது என்று தன் மகனுக்கு எழுதிவைக்க இயலுமா? நாற்பதாண்டு வாழ்வு ஓர் உரிமையாகக் கனியவில்லை எனின், எத்தனை ஆண்டுகள் வேண்டும்? அயல்நாடுகளிடம் நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்கும் நீதியை, நம் வாசலில் நிற்பவர்க்கும் கேட்டாலன்றி நம் குரலுக்கு வலிமை இராது.

முடிவாக மூன்று

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, ஒரு நாடு தன் விளைநிலத்தையும் வளத்தையும் தன் மக்களுக்கென வரையறுத்துக்கொள்வது நெறியின்பாற் பட்டதே. பர்மிய உழவன் அதற்குச் சான்று. இரண்டாவது, நெறிப்படி வந்து உழைத்து வாழும் எவர்க்கும் இருக்கையை மறுக்க எந்நாட்டிற்கும் உரிமை இல்லை. இருக்கை என்பது வெறுங்கூரை அன்று. காரணமின்றி வெளியேற்றப்படாமை, நினைத்தபடி வாடகை ஏற்றப்படாமை, வேலை போன மறுநாளே தெருவில் நிறுத்தப்படாமை, வெளியேற நேர்ந்தால் தன் பொருளுக்குரிய ஈடு பெறுதல் ஆகியன அதனுள் அடங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வுறுதி வளர்ந்து உடைமையாகக் கனிய வழியும் வேண்டும். மூன்றாவது, அயலானுக்கும் கடமை உண்டு. பிறர் பெயரில் மறையாமையும், வாழாத வீட்டை வாங்கிப் பூட்டிவைத்து ஊரார்க்கு விலை ஏற்றாமையும் அவன் கடமைகளாம்.

வீடும் ஒரு செல்வம்தானே, அதனை எங்ஙனம் காணியினின்று பிரிப்பது என்று சிலர் வினவலாம். பத்திரத்தைப் பார்த்துப் பிரிக்க இயலாது. மாலையில் அங்கே விளக்கேற்றுபவர் யார் என்று பார்த்தால் பிரிக்கலாம்.

நாம் வாழும் அடுக்குமாடிகளில் படிக்கட்டின் கீழ் ஒரு சிறிய அறை இருக்கும். நேபாளத்து மலையூரிலிருந்து வந்த காவலர் பலர் அத்தகைய அறைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்கின்றனர். நம் பிள்ளைகள் அவர் கண்முன் வளர்ந்து, அயல்நாடு சென்று, அங்கே வீட்டுரிமை பற்றி நம்மிடம் வினவுகின்றனர். அவ்வறையில் காற்று வர ஒரு சன்னல் உண்டா, மழைநாளில் ஒழுகுகிறதா, வேலையை விட்டு நிற்கும் நாளில் வேறிடம் தேட அவருக்கு எத்தனை நாள் தருவோம் என்று அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் நாம் ஒருமுறை கேட்போமாக.